லிஃப்டில் இறங்காதீர்கள்

மலேசியாவின் கினபாலு மலையில் ஏறி இறங்கிவிட்டு, டிசம்பர் விடுமுறை முடிந்ததிலிருந்து என் சிகிச்சை அறைக்கு வந்த நான்காவது முழங்கால் இது. ஐம்பது வயதுக்காரர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் படி இறங்கி வந்தார். சோம்பேறி இல்லை, மூன்று மாதம் பயிற்சி செய்தவர். "எங்க புளோக்ல தினமும் இருபத்தஞ்சு மாடி ஏறினேன், ரெண்டு தடவை" என்றார். எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"லிஃப்ட்லதான்."

நான்கு பேரும் இதே பதிலைத்தான் சொன்னார்கள்.

ஏறுவதுதான் கஷ்டம், இறக்கம் தானாக நடந்துவிடும் என்ற நினைப்பை எத்தனை முறை திருத்துவது? ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது வாங்குவதில்லை. அதனால் உடம்பு ஓய்வெடுக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஓய்வெடுப்பது நுரையீரல் மட்டும். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உங்கள் முழு எடையையும் பிரேக்போலப் பிடித்து நிறுத்துகிறது. தசைக்குள் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுவது இந்த வேலையில்தான். தசை சோர்ந்த பின் ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்காலுக்குப் போகிறது. மாதக்கணக்கில் மேலே ஏறிப் பழகிய தசைக்கு இந்த வேலை தெரியாது.

கணக்கைப் பாருங்கள். கினபாலு உச்சி 4,095 மீட்டர். ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாயில் ஏறத்தாழ 1,866 மீட்டர். உச்சிக்குப் போகும் அன்றே பலரும் வாயில்வரை இறங்கிவிடுகிறார்கள். அப்படியானால் ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். நம் சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்றின் உயரமே 163 மீட்டர்தான்.

ஆகவே படியில் இறங்கிப் பழகுங்கள். இரண்டு மாதம் முன்பே, வாரம் மூன்று நாள், மெதுவாக, குதிக்காமல். கடைசி வாரங்களில் முதுகில் பையோடு. ஒருமுறை வலித்து ஆறிய தசை அடுத்த இறக்கத்தை நன்றாகத் தாங்கும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துப் போங்கள், வெட்கப்படாதீர்கள். நகத்தை வெட்டிவிட்டு, இறங்கும்முன் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். கறுத்த பெருவிரல் நகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மேலே தலைவலி, வாந்தியோடு நடையும் தள்ளாடினால் உச்சியை மறந்துவிட்டு உடனே இறங்குங்கள். ஊர் திரும்பிய பின் முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டே அந்த ஐம்பது வயதுக்காரர் சொன்னார்: "விடியும்போது மேகமெல்லாம் காலுக்குக் கீழ கிடந்துச்சு. என் அப்பாவுக்கு இதைக் காட்டலையேன்னு அழுதுட்டேன்." சொல்லும்போதும் கண் கலங்கியது.

அடுத்த ஆண்டு மனைவியையும் அழைத்துப் போகப் போகிறாராம். அவர் இப்போது இரண்டு மாடி இறங்குகிறார். மனைவி பத்து மாடி.