ஜங்கோதாங்கில் ஒரு நாள் ஏன் நிற்கிறார்கள்?

பூட்டானில் பல நாள் மலைநடை போகும் வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அது நாட்டின் விதி. பாரோ பள்ளத்தாக்கிலிருந்து ஜோமோல்ஹாரி மலையடிக்குப் போகும் பாதையில், வழக்கமாக மூன்றாம் நாள் ஜங்கோதாங் முகாம் வரும். உயரம் 4,000 மீட்டரைத் தாண்டிவிடும். எதிரே 7,300 மீட்டருக்கு மேல் வெள்ளை மலை. மறுநாளே கிளம்பலாம் என்று கால் பரபரக்கும். வழிகாட்டியோ, "நாளைக்கும் இங்கேதான்" என்பார்.

கால் வலிக்காகத்தான் இந்த ஓய்வு என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த ஒரு நாள் உண்மையில் தேவைப்படுவது சிறுநீரகத்துக்கு.

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 4,000 மீட்டரில் கடல்மட்ட அழுத்தத்தில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்தில் அரிசிமணி அளவுக்கு ஓர் உறுப்பு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதை முதலில் கண்டுபிடித்து, மூச்சை வேகப்படுத்துவது அதுதான்.

சரி, வேகமாக மூச்சு வாங்கினால் போதாதா? போதாது. அப்படி வாங்கும்போது கரியமில வாயுவும் கூடுதலாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. உடனே மூளை மூச்சுக்குப் பிரேக் போடுகிறது. தூக்கத்தில் இந்த இழுபறி அப்பட்டமாகத் தெரியும்: மூச்சு வேகமெடுக்கும், சில விநாடி அப்படியே நிற்கும், பிறகு திணறலோடு திரும்ப வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார். ஆனால் உயரத்தில் இது சகஜம்.

பிரேக்கை விடுவிப்பது சிறுநீரகம். ரத்தத்தில் மிகுந்துவிட்ட பைகார்பனேட் என்ற காரப்பொருளை அது சிறுநீரில் வெளியேற்றுகிறது. இது அவசரப்படுத்த முடியாத வேலை; சில நாள் பிடிக்கும். மலையேறிகள் சாப்பிடும் அசெட்டசோலமைடு மாத்திரையும் இதே வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. புதிய சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருக வாரக்கணக்கில் ஆகும். இந்தப் பயணத்துக்குள் அவற்றை நம்பிப் பயனில்லை.

ஓய்வு நாள் என்றாலும் படுத்துக் கிடக்க விடமாட்டார்கள். மேலே த்ஸோஃபூ ஏரிகள் வரை நடத்திக் கூட்டிப் போய், தூங்குவதற்குக் கீழே அழைத்து வந்துவிடுவார்கள். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, இரவு எங்கே தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஜங்கோதாங்கைத் தாண்டினால் ஏறக்குறைய 4,900 மீட்டரில் நியிலே லா கணவாய் காத்திருக்கிறது.

வழிகாட்டி பாதை காட்டுவதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்கிறார் என்பது என் எண்ணம். தலைவலியோடு குமட்டல் இருந்தால் அதற்கு மேல் ஏற விடக் கூடாது. குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொல்லி, ஆள் தள்ளாடினால் மூளை வீங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் மருந்து, நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்குவதுதான். வீங்கும் மூளை முதலில் இழப்பது நிதானத்தை என்பதால், பாதிக்கப்பட்டவரே "எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்" என்பார். அதனால்தான் நல்ல வழிகாட்டி அந்தப் பேச்சோடு நின்றுவிடாமல், இரவுச் சாப்பாட்டில் யார் தட்டில் சோறு அப்படியே மிஞ்சியிருக்கிறது என்றும் பார்க்கிறார்.