ஞாபகத்துக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

"டாக்டர், அப்பாவுக்கு ஞாபகம் வர்ற மாதிரி ஏதாச்சும் மாத்திரை எழுதிக் குடுங்க." இந்த மாதத்தில் இப்படிக் கேட்டு வந்த நான்காவது மகன். அப்பா சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர். செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போனவர் வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றிருக்கிறார். பிரஷர் பார்த்தேன், 180/100. மாத்திரை போடுகிறாரா என்றால், "அது எட்டு மாசம் முன்னாடியே நார்மல் ஆயிடுச்சுங்க, நிறுத்திட்டோம்."

நார்மல் ஆனதே மாத்திரை போட்டதால்தான் ஐயா! ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வண்டி கட்டுக்குள்தானே போகிறது என்று இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைத் தொடாமல் வருவீர்களா? "தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை" என்பது அடுத்த சமாதானம். பெரும்பாலானவர்களுக்கு ஏறிய பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வல்லாரை லேகியத்துக்கு மாதாமாதம் செலவு செய்கிறவர்கள், அரசே 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் 2021-லிருந்து வீடு தேடிக் கொண்டுவந்து தரும் பிரஷர் மாத்திரையை அலமாரியில் போட்டு வைக்கிறார்கள்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. பிரஷர் எகிறினால் மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய குழாய்கள் கெட்டு, கை கால் விழாமலேயே சின்னச் சின்ன அடைப்புகள் வரும்; அவை சேரச் சேர ஞாபகமும் போகும். "தீபாவளி வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், அப்புறம்தான்..." என்று வீட்டார் சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். எல்லா மறதியும் இதனால் வருவதல்ல. மூளைச் செல்கள் மெல்ல மெல்ல அழியும் அல்சைமர் நோய் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவையும் பார்த்துவிட வேண்டும்.

2019-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பிரஷரின் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. அன்றாட வேலையையே முடக்கும் மறதி நோயான டிமென்ஷியா குறைந்ததென்று அது உறுதியாகக் காட்டவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். வயதானவர் எழுந்ததும் தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

நாடியையும் ஒரு முழு நிமிடம் பிடித்துப் பாருங்கள். (என் ஜூனியர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.) தாறுமாறாக அடித்தால் ஒரு இசிஜி எடுங்கள். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற அந்தத் துடிப்புக் கோளாறில் இதயத்துக்குள் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எழுதினால், பல் பிடுங்கப் போகிறோம் என்று அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பீடியை விடுங்கள். தட்டுவடை செட் வாரத்துக்கு ஒருநாள் போதும், ஊறுகாயும் அப்படியே. குழறல், வாய் கோணல், திடீர்க் குழப்பம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்புறம் தயவுசெய்து, வரும்போது பழைய சீட்டுகளையும் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் பையோடு கொண்டு வாருங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்றால் எனக்கு எப்படித் தெரியும்?