ஓ.ஜி. எடுக்கும் முன் ஒரு ராத்திரி லேபர் வார்டில் நில்லுங்கள்

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு முடிவு வந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான்: "மேடம், இந்த ரேங்குக்கு ஓ.ஜி. கிடைக்குமா?" ஓ.ஜி. என்றால் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவ மேற்படிப்பு. பெரும்பாலும் பேசுவது அம்மா அல்லது அப்பா. பெண் டாக்டர் என்றால் மகப்பேறுதான் என்று வீட்டில் முன்பே முடிவாகியிருக்கும்.

ரேடியாலஜி, ஜெனரல் மெடிசின், தோல் இடங்கள் முதலில் காலியாகும். ஓ.ஜி. அதற்குப் பிறகுதான் என்றாலும், நல்ல அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் நல்ல ரேங்கே வேண்டும். கல்லூரிகளில் இருந்த இரண்டு வருட டி.ஜி.ஓ. (ஓ.ஜி. டிப்ளமோ) இடங்கள் பெரும்பாலும் மூன்று வருட எம்.எஸ். பட்ட இடங்கள் ஆகிவிட்டன, அதனால் மூன்று வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரி, இடம் கிடைத்துவிட்டது. அப்புறம்?

நான் இரண்டாம் வருடம் படித்தபோது, விடிவதற்கு முன் ஒரு சுகப்பிரசவம். குழந்தை அழுதது, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. ஆனால் வயிற்றில் கை வைத்தால் கருப்பை மாவு மாதிரி தளர்ந்து கிடந்தது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாயும். பிரசவம் முடிந்ததும் அது கல்லாக இறுக வேண்டும். இறுகாவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது, யோசிக்க நேரமில்லை. கருப்பையை இறுக்கும் மருந்தான ஆக்சிடோசின் டிரிப்பில் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேலே என்று கருப்பையை அழுத்திப் பிடித்தபடி நின்றேன். தோள் மரத்துப்போனது. கைக்குள் அது மெல்ல இறுகிய அந்த நொடி இன்றும் விரல்களில் இருக்கிறது. எட்டு மணிக்கு அதே உடையில் ஓ.பி.யில் உட்கார்ந்தேன்.

இந்த வேலையின் அழகும் சுமையும் இதுதான். வலிக்கு நேரம் காலம் கிடையாது. சிறிய ஊரில் தனியாக பிராக்டீஸ் செய்பவர்கள் குழந்தையின் பிறந்தநாள் அன்றும் போனை அணைக்க முடியாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து முறை வைத்துப் பார்த்தால் தூக்கம் மிஞ்சும். குழந்தையின்மை சிகிச்சை, லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) பக்கம் போனால் நேரம் ஓரளவு நம் கையில் இருக்கும். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழியும் லேபர் வார்டுதான்.

அதனால் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சியில் இருக்கும்போதே, யாரும் சொல்லாமல், ஒரு முழு ராத்திரி லேபர் வார்டில் நின்று பாருங்கள். கவுன்சலிங்கில் கல்லூரி தேர்வு செய்யும் முன் அங்குள்ள பி.ஜி.க்களிடம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நைட் டியூட்டி, மறுநாள் ஓய்வு உண்டா, ராத்திரி சிசேரியனுக்கு சீனியர் பக்கத்தில் நிற்கிறாரா, போனில்தான் பேசுகிறாரா?