தாத்தாவின் சர்க்கரை மாத்திரை நாய்க்கு உதவாது

போன வாரம் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஏழு வயதுப் பெண் நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, தலையைத் தூக்கவே இல்லை, மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. இரண்டு கண்ணும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. இரண்டு மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததாம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து வீட்டிலேயே சர்க்கரை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுவரை சரி. அப்புறம், தாத்தாவின் சர்க்கரை மாத்திரையில் பாதியை உடைத்துத் தினமும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் இப்படி வந்த நாலாவது நாய் இது.

தயவுசெய்து கேளுங்கள். மனிதர்களில் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலினைச் சுரக்கிறது, அது சரியாக வேலை செய்வதில்லை. மாத்திரை அந்த இன்சுலினை வேலை வாங்கும், இல்லையென்றால் கணையத்தை விரட்டி இன்னும் கொஞ்சம் சுரக்கவைக்கும். நாய்களில் பெரும்பாலும் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருக்கும். வறண்ட கிணற்றில் எத்தனை குதிரைசக்தி மோட்டார் வைத்து என்ன பயன்? பாதி மாத்திரை போதவில்லை என்று முழுசாகக் கொடுத்தாலும் கதை அதுதான். நாய்க்குத் தேவை இன்சுலின் ஊசி, பெரும்பாலும் நாளைக்கு இரண்டு வேளை, ஆயுள் முழுக்க.

ஊசி என்றதும் முகம் சுருங்குகிறது. 1889-இல் கணையம் அகற்றப்பட்ட ஒரு நாயை வைத்துத்தான் சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பே தெரிந்தது. 1921-இல் டொராண்டோவில் இன்சுலினை முதலில் ஏற்றிப் பார்த்ததும் நாய்களுக்குத்தான். நாய்கள் நமக்கு வாங்கிக் கொடுத்த மருந்தை நாய்க்குப் போடத் தயங்குகிறோம்! மிக மெல்லிய ஊசி அது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட்டால் பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“நாங்கள் இனிப்பே கொடுத்ததில்லையே டாக்டர்” என்பார்கள். இனிப்பால் மட்டும் வருவதில்லை. கணைய அழற்சி, நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று காரணங்கள் பல. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு இனச்சேர்க்கைப் பருவம் முடிந்தபின் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கும். அப்படிப்பட்ட நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சையும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

பூனை விஷயம் வேறு. அதற்கு வருவது பெரும்பாலும் மனிதர்களுடையதைப் போன்ற வகை, குண்டுப் பூனைகளுக்கு அதிகம். அதற்காகத் தாத்தாவின் டப்பாவைத் திறக்காதீர்கள்! சில பூனைகளுக்கு வாய்வழி மருந்து உண்டு, எந்தப் பூனைக்கு என்பதை நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். சீக்கிரமே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் தொடங்கினால், சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வரும் பூனைகள் உண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு நழுவும். பூனை பின்னங்கால் குதியைத் தரையில் ஊன்றி நடந்தால் உடனே காட்டுங்கள். இன்னொன்று: பயந்த பூனைக்கு மருத்துவமனையிலேயே சர்க்கரை எகிறும். ஒரே ஒரு சோதனையை நம்பி ஊசி போடச் சொன்னால், கடந்த சில வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை பார்த்தீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள்.

சிரிஞ்ச் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு உண்டு, சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. நூறு யூனிட் மருந்தை நாற்பதுக்கான சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும், உயிருக்கே ஆபத்து. சாப்பிடாத நாளில் வழக்கமான அளவைப் போடாதீர்கள், முதலில் கூப்பிடுங்கள். ஊசிக்குப்பின் சர்க்கரை மிகவும் இறங்கித் தள்ளாடினால், நடுங்கினால் ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிவிட்டு ஓடி வாருங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த எதுவும் நாய்க்கு விஷம், அதை இனிப்பு என்று எண்ணித் தந்துவிடாதீர்கள்.

போன வாரம் வந்த அந்த நாய் நாலு நாள் டிரிப்ஸில் இருந்து பிழைத்துக்கொண்டது. கண்புரை இன்சுலினால் கரையாது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பார்க்க வேண்டும். உங்கள் நாய் நிறையக் குடித்து, நிறையத் தின்று, இளைத்துக்கொண்டே போனால் ஒரு நாள் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் மறுநாளே கூட்டி வாருங்கள், வீட்டு மாத்திரை எதுவும் கொடுக்காமல்.