ரூட்: வழித்தடமா, மூல அடைவா?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறிப் பேசிக்கொண்டே வலைச் செயலிகளை அமைக்கும் எங்களிடையே அதிகக் குழப்பம் விளைவித்த சொல் 'ரூட்'. செயலியைச் சேவையகத்தில் ஏற்றிய மறுநாள், கேட்ட பக்கம் கிடைக்கவில்லை என்னும் 404 பிழை வந்தபோது, "ரூட்டைப் பாருங்கள்" என்று மூத்தவர் சொன்னார். ஒருவர் கோப்புறையைப் பார்த்தார், மற்றவர் முகவரிப் பட்டியலைப் பார்த்தார். இருவரும் சொன்னதைத்தான் செய்தார்கள்.

ஆங்கிலத்தில் இவை இரண்டு சொற்கள். பாதையைக் குறிக்கும் ரூட், 'உடைத்துத் திறந்த வழி' என்ற பொருளில் லத்தீனில் வழங்கிய 'ருப்தா' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேரைக் குறிக்கும் ரூட், பழைய நார்சு மொழியின் கொடை. ஆங்கில எழுத்துக்கூட்டல் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று, ஏனெனில் 404 பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். வேர் என்ற பொருளில் ரூட் எனப்படுவது, சேவையகம் கோப்புகளைத் தேடத் தொடங்கும் கோப்புறையான மூல அடைவு. அது தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் முகப்பே திறக்காது. முகப்பு திறந்து, இணைப்புகளைச் சொடுக்கும்போது உள்பக்கங்களும் வந்து, அதே பக்கத்தைப் புதுப்பித்தால் மட்டும் 404 வருமானால், கோளாறு பெரும்பாலும் மற்ற ரூட்டில், அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று வகுக்கும் வழித்தடத்தில்தான். சொடுக்கும்போது உலாவியிலுள்ள நிரலே முகவரியை மாற்றிப் பக்கத்தை வரைந்துவிடுகிறது, சேவையகத்திடம் கேட்பதில்லை. புதுப்பிக்கும்போதோ அந்த முகவரியில் ஒரு கோப்பு உண்டா என்று சேவையகம் தேடுகிறது, அப்படியொரு கோப்பு எங்குமே இல்லை. உருவாக்குநரின் கணினியில் இயங்கும் சோதனைச் சேவையகம் பொதுவாக எல்லா முகவரிக்கும் முதன்மைக் கோப்பையே தந்துவிடுவதால், அங்கே பிழை தெரிவதில்லை. என்ஜின்எக்ஸ் சேவையகத்தில், கேட்ட கோப்பு இல்லாவிட்டால் முதன்மைக் கோப்பைத் தரச்சொல்லும் 'ட்ரை ஃபைல்ஸ்' என்னும் கட்டளையால் இதைச் சரிசெய்யலாம்.

பன்மொழிச் செயலியில் இன்னொரு முடிச்சு உண்டு. மொழிக்கொரு கோப்புறையாகத் தொகுத்திருந்தால், தமிழ் முகவரிக்குத் தமிழ்க் கோப்புறையின் முதன்மைக் கோப்பும் மலையாள முகவரிக்கு மலையாளத்தினுடையதும் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றுக்கே திருப்பினால் 404 மறைந்து, மலையாளம் கேட்டவருக்குத் தமிழ்ப் பக்கம் வந்து நிற்கும். அந்தத் தவறு எந்தப் பதிவேட்டிலும் பிழையாகத் தோன்றாது என்பதால் அதுவே மோசமானது. விண்டோஸில் பெரிய எழுத்தில் பெயரிட்ட கோப்புறையைச் சிறிய எழுத்தில் அழைத்தாலும் திறக்கும், லினக்ஸில் திறக்காது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? மூல அடைவு என்பதில் சிக்கல் இல்லை. மற்றதற்குத் 'தடம்' என்றே சொல்லிவிடலாம் என எண்ணினேன், பொள்ளாச்சிப் பக்கத்துக் கொங்குத் தமிழில் நடக்கும் பாதையே தடம்தான். ஆனால் மலையாளத்தில் தடம் என்பது தென்னையைச் சுற்றி வெட்டும் குழி. பேருந்துகளால் பழகிய 'வழித்தடம்' இரு சாராருக்கும் புரிகிறது. 'திசைவி' என்ற சொல் வலையமைப்புக் கருவிக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், செயலிக்குள் வழித்தடங்களைக் கையாளும் பகுதியை 'வழித்தட மேலாளி' என்று வேறாகவே எழுதுகிறேன்.