‘க்ளோஸ்டு’: வினையா, பெயரடையா?

‘தி கேட் வாஸ் க்ளோஸ்டு அட் நைன்’. இந்த ஆங்கில வாக்கியத்தைத் தனியாகப் பார்த்தால் இரண்டு பொருள் வரும். ஒன்பது மணிக்கு யாரோ கேட்டை மூடினார்கள். அல்லது, ஒன்பது மணிக்கு அது மூடியிருந்தது. முதலாவதில் ‘க்ளோஸ்டு’ பாஸ்ட் பார்ட்டிசிப்பிள், அதாவது வினையின் மூன்றாம் வடிவம்; வாக்கியம் செயப்பாட்டு வினை. இரண்டாவதில் பெயரடை. வடிவம் ஒன்றேதான் என்பதால், நடந்ததைச் சொல்கிறதா, இருந்த நிலையைச் சொல்கிறதா என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ முன்னால் வந்து ‘ஹேஸ் க்ளோஸ்டு’ என்றிருந்தால் குழப்பமே இல்லை, அது வினைதான். சிக்கலெல்லாம் ‘இஸ்’, ‘வாஸ்’ வரும் இடத்தில்.

அங்கே ‘பீயிங்’ சேர்த்துப் பாருங்கள். ‘வாஸ் பீயிங் க்ளோஸ்டு’ என்றால், மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது, வினை. ‘வாஸ் ஸ்டில் க்ளோஸ்டு’, ‘ரிமெயின்டு க்ளோஸ்டு’ என்று மாற்றியும் நினைத்த பொருள் கெடாவிட்டால் பெயரடை.

வகுப்புகளில் ‘வெரி’ சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அது பாதி வழிதான். ‘வெரி டயர்டு’ சரியாக வருகிறது, ஆகவே பெயரடை. ஆனால் ‘வெரி க்ளோஸ்டு’ பொதுவாக வராது என்பதால் ‘க்ளோஸ்டு’ வினை ஆகிவிடாது. களைப்பில் கூடுதல் குறைவு உண்டு. மூடிய கேட்டில் அது கிடையாது, அவ்வளவுதான். ‘வெரி’ பொருந்தினால் நம்பலாம். பொருந்தாவிட்டால் அதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

‘பை’ வந்தாலே செயப்பாட்டு வினை என்பதும் அரைகுறைப் பாடம். ‘தி விண்டோ வாஸ் புரோக்கன் பை எ ஸ்டோன்’ வினைதான். ‘ஐ வாஸ் வெரி சர்ப்ரைஸ்டு பை ஹிஸ் ரிப்ளை’ அப்படியல்ல. ‘பை’ இருந்தும் ‘வெரி’ பொருந்துகிறது, பெயரடை. மனநிலையைக் குறிக்கும் சொற்களில் இது அடிக்கடி நேரும். ‘இன்ட்ரெஸ்டெட் இன்’, ‘சாட்டிஸ்ஃபைடு வித்’ என்று வேறு முன்னிடைச்சொல் (ப்ரெப்போசிஷன்) வந்தால் பெரும்பாலும் பெயரடை.

‘அன்’ முன்னொட்டும் துப்புக் கொடுக்கும். ‘அன்ஓப்பன்’ என்று ஒரு வினை இல்லை. எனவே ‘தி லெட்டர் வாஸ் அன்ஓப்பண்டு’ என்பதில் இருப்பது பெயரடையே. ‘அன்லாக்’ என்ற வினை இருப்பதால் ‘அன்லாக்டு’ இரண்டாகவும் இருக்கலாம்.

நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுவது ‘ஓப்பன்’ என்ற சொல்லில். மூடியிருப்பதற்கு ‘க்ளோஸ்டு’ என்பதால், திறந்திருப்பதற்கு ‘ஓப்பண்டு’ என்று எழுதிவிடுகிறோம். கடை திறந்திருக்கிறது என்றால் ‘தி ஷாப் இஸ் ஓப்பன்’. ‘தி ஷாப் இஸ் ஓப்பண்டு அட் நைன் எவ்ரி டே’ என்றால் தினமும் அந்நேரத்துக்குத் திறக்கிறார்கள்.

சில வினைகளுக்கு ஆங்கிலமே தனிப் பெயரடை வைத்திருக்கிறது. குடிபோதையில் வண்டி ஓட்டுபவர் ‘டிரங்கன் டிரைவர்’; அவர் குடித்ததைச் சொல்ல ‘ஹேஸ் டிரங்க்’. உருகிய இரும்புக்கும் பாறைக்கும் ‘மோல்ட்டன்’. வெண்ணெய்க்கு மட்டும் ‘மோல்ட்டன்’ போட்டுவிடாதீர்கள், அது ‘மெல்ட்டெட் பட்டர்’தான்.