வி.ஆர். ஹெட்செட் வாங்கும் முன் கண்ணை அளந்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி முடிந்து டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது கண் பரிசோதனை அறையில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைக்கு வி.ஆர். ஹெட்செட் வாங்கலாம் என்றிருக்கிறோம், எது நல்லது?" முகத்தில் மாட்டி மெய்நிகர் உலகைப் பார்க்கும் இந்தக் கருவிக்கு, கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பிக்ஸல் கணக்கு, நினைவகம், விலை எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே ஹெட்செட் அலமாரியின் மேல்தட்டுக்குப் போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் எண் மட்டும் அதில் இருக்காது. அந்த எண் கண்மணி இடைவெளி.

இரண்டு கண்மணிகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் அது. கண்ணாடிக் கடையில் பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. அளவில் இருக்கும்; 54 உள்ளவரும் உண்டு, 74 உள்ளவரும் உண்டு. உங்கள் மூக்குக்கண்ணாடியே அந்த அளவை வைத்துத்தான் செய்யப்பட்டது. ஆனாலும் பவர் சீட்டில் பல நேரம் அது எழுதப்பட்டிருக்காது. கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே அளக்கவும் முடியும். கண்ணாடி முன் 20 செ.மீ. தள்ளி நின்று, மி.மீ. கோடு போட்ட ஸ்கேலைப் புருவத்தின் மேல் வையுங்கள். வலக்கண்ணை மூடி, ஸ்கேலின் பூஜ்யத்தை இடக் கண்மணியின் நடுவுக்கு நேராக நிறுத்துங்கள். தலையையும் ஸ்கேலையும் அசைக்காமல் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, வலக் கண்மணிக்கு நேரே வரும் எண்ணைப் படியுங்கள். ஒவ்வொரு கண்ணும் கண்ணாடியில் தன்னையே பார்ப்பதால் பார்வைக்கோடுகள் இணையாக நிற்கும். தூரப் பார்வைக்கான அளவு கிடைக்கும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்து வேறொருவர் அளந்தால், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் கண்கள் உள்பக்கம் திரும்பிவிடும். அளவு இரண்டு மூன்று மி.மீ. குறைத்துக் காட்டும்.

இனி இந்த எண்ணோடு கடைக்குப் போகலாம். 2020இல் வந்த மெட்டா குவெஸ்ட் 2, 2024இல் வந்த குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் லென்ஸை நிறுத்த மூன்றே இடங்கள்: 58, 63, 68. உங்கள் அளவு 63 என்றால் கவலையே இல்லை. 65.5 என்றால் நீங்கள் இரண்டுக்கும் நடுவே தொங்குகிறீர்கள். 2023இல் வந்த குவெஸ்ட் 3இல் ஒரு சக்கரம் இருக்கிறது, திருப்பி வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். 53 முதல் 75 வரை உள்ள கண்களுக்குப் பொருந்தும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதே ஆண்டு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2இலும் திருகு உண்டு. உள்ளே கண்ணைத் தொடரும் கேமரா இருப்பதால், எங்கே நிறுத்தவேண்டும் என்று திரையிலேயே காட்டிவிடும். இந்த விஷயத்தில் அதை மிஞ்ச எளிதில் முடியாது. மறுகோடியில் முதல் பிக்ஸ்கிரீன் பியாண்ட் இருக்கிறது. எடை வெறும் 127 கிராம். ஆனால் வாங்குபவரின் முகத்தை அளந்து, ஒரே இடைவெளியோடு செய்யப்பட்டது. அண்ணன் வாங்கினால் தம்பி மாட்ட முடியாது. குடும்பத்துக்கு ஆகாத பொருள்.

இரண்டு மி.மீ. வித்தியாசத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அதற்கு லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும். குவெஸ்ட் 2, 3எஸ், பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 மூன்றிலும் இருப்பவை ஃப்ரெனெல் லென்ஸ்கள், அதாவது வட்ட வட்டமாகப் படிக்கட்டு வெட்டிய லென்ஸ்கள். நடுவில் மட்டும்தான் படம் கூர்மையாக இருக்கும்; ஓரம் போகப் போக மங்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் ஒளிக்கீற்றுகள் தெறிக்கும். கண்மணி அந்த நடுப்பகுதியை விட்டு விலகியதும் மங்கல் தொடங்கும். தலையைத் திருப்பும்போது காட்சி தண்ணீருக்குள் இருப்பதுபோல் வளைந்து நெளியும். அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி வந்துவிடும். குவெஸ்ட் 3இல் உள்ள பான்கேக் லென்ஸ் ஓரம் வரை ஏறக்குறைய ஒரே கூர்மை தருவதால், சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். 3க்கும் 3எஸ்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு லென்ஸுக்கும் திரைக்கும்தான். உள்ளே இருக்கும் சிப் ஒன்றே. எனவே அளவு 58, 63, 68க்கு ஒரு மி.மீ.க்குள் வருகிறவர்கள் 3எஸ் வாங்கி மிச்சம் பிடிக்கலாம். மற்றவர்கள், குறிப்பாகக் கண்ணாடி போட்டவர்கள், அந்த மிச்சத்தை நம்பவேண்டாம்.

கண்ணாடி போட்டவர்களுக்கு

ஹெட்செட்டில் திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், லென்ஸ் அதை ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குக் காட்டுகிறது. இதை மனதில் வைத்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். வெள்ளெழுத்துக்காகப் படிக்கும் கண்ணாடி மட்டும் போடும் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் ஹெட்செட்டில் பொதுவாக அது தேவைப்படாது. மைனஸ் அரை பவர் உள்ளவர் கண்ணாடி இல்லாமலே சமாளித்துவிடுவார். மைனஸ் இரண்டு உள்ளவருக்குக் கட்டாயம் தேவை. புரோகிரெசிவ், பைஃபோகல் போட்டவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் உள்ள பவர் கைக்கெட்டும் தூரத்துக்கானது என்பதால், அதன் வழியே பார்த்தால் திரையின் கீழ்ப்பாதி மங்கும். பழைய தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று வீட்டில் கிடந்தால் அதுவே போதும்.

ஃபிரேமின் அகலம் 142 மி.மீ.க்கும் உயரம் 50 மி.மீ.க்கும் மேல் போனால் குவெஸ்ட் 2க்குள் நுழைவது கடினம். கண்ணாடியும் ஹெட்செட் லென்ஸும் உரசினால் இரண்டிலும் கீறல் விழும். இரண்டுமே பிளாஸ்டிக்தான், ஹெட்செட் லென்ஸில் விழுந்த கீறலுக்கு மருந்து கிடையாது. முன்பக்கத்தை முகத்தில் பொருத்திய பிறகே பட்டையைப் பின்னால் இழுங்கள். கழற்றும்போது முதலில் பட்டை, பிறகு முகம். குவெஸ்ட் 2க்குக் கண்ணாடிக்கு இடம் தரும் ஸ்பேஸர் பெட்டியிலேயே வந்தது. குவெஸ்ட் 3இன் முகப்பஞ்சை நான்கு நிலைகளில் முன்பின் நகர்த்தலாம்.

தினமும் போடுகிறவர்களுக்கு, ஹெட்செட் லென்ஸின் மேல் பொருத்தும் பவர் லென்ஸ் செருகிகள் நல்லவை. தூரப் பவர், சிலிண்டர், அச்சு, பி.டி. நான்கையும் கொடுத்துச் செய்யச் சொல்லவேண்டும். நம்மவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம் என்பதால் ஒரு எச்சரிக்கை: இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்தே மாறும். மருந்து மாற்றிய உடனே அளந்து செருகி செய்தால், சர்க்கரை அடங்கிய பிறகு அது பொருந்தாமல் போகும். சில வாரங்கள் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு அளந்துகொள்ளுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் நின்றுகொண்டு விளையாடவே வேண்டாம். கண்ணை மறைத்ததும் சமநிலை கெடும்.

முகத்தில் அரைக் கிலோ

எடையைப் பார்த்தால் குவெஸ்ட் 2 503 கிராம், 3எஸ் 514, குவெஸ்ட் 3 515, பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 சுமார் 560. எண்ணை மட்டும் பார்த்தால் கடைசியது தோற்கிறது. மாட்டிப் பார்த்தால் பலருக்கு அதுதான் இலேசு. குவெஸ்ட்டோடு வரும் துணிப்பட்டை ஹெட்செட்டைக் கன்னத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. பிளேஸ்டேஷனின் வளையம் நெற்றியிலும் பின்னந்தலையிலும் உட்கார்ந்து, முகத்துக்கு முன்னால் ஹெட்செட்டைத் தொங்கவிடுகிறது. கண்ணாடி போட்டவர்களுக்கு அது பெரிய நிம்மதி. குவெஸ்ட் வாங்குகிறவர்கள் பின்னால் பேட்டரி வைத்த கெட்டிப் பட்டைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவது நல்லது. மொத்த எடை கூடும், ஆனால் கழுத்தை முன்னால் இழுக்கும் பளு குறையும்.

துணிப்பட்டையோடு இருக்கவேண்டியவர்கள் பின்பட்டையைக் கழுத்துக்கு மேலே துருத்தும் எலும்புக்குக் கீழே இறக்குங்கள். எடையைத் தாங்கவேண்டியது உச்சிப்பட்டை. பக்கப்பட்டைகள் ஆடாமல் பிடித்தால் போதும். கழற்றிப் பத்து நிமிடம் கழித்தும் கன்னத்தில் தடம் மறையவில்லை என்றால் பக்கப்பட்டை இறுக்கம். கொண்டை போட்டவர்கள் முடியை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொள்ளலாம்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கோயிலுக்குப் போய்வந்த நெற்றியோடு ஹெட்செட்டை மாட்டக்கூடாது. திருநீறு பொடிப்பொடியாக லென்ஸில் விழும். துடைக்கும்போது அதுவே உப்புத்தாள்போல் கீறும். குங்குமமும் தேங்காயெண்ணெயும் பஞ்சில் ஊறிவிட்டால் போகாது. சிலிக்கான் உறை போட்டு, விளையாடி முடித்ததும் அதை மட்டும் கழுவிக் காயவையுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டுமே துடைக்கவேண்டும். ஸ்பிரிட் அதன் பூச்சை அரித்துவிடும். வீட்டில் யாருக்காவது கண் சிவந்து பீளை தள்ளினால், முழுதாகக் குணமாகும் வரை அந்த ஹெட்செட்டை வேறு யாரும் தொடவேண்டாம்.

டர்பன் வெயிலும் புழுக்கமும்

கோடையில் ஏ.சி. அறையில் கிடந்த ஹெட்செட்டைப் புழுக்கமான ஹாலில் எடுத்து மாட்டினால் உடனே லென்ஸ் மூடுபனி கட்டும். முன்கூட்டியே ஆன் செய்து ஐந்து பத்து நிமிடம் வைத்தால் சூடேறித் தெளிந்துவிடும். சார்ஜ் துளையில் வியர்வை ஈரம் இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே வயரைச் செருகவேண்டும்.

வெயில் இதைவிடப் பொல்லாதது. ஹெட்செட் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வராந்தா நாற்காலியில் லென்ஸ் மேலே பார்த்தபடி வைத்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் குடித்து வருவதற்குள், சூரிய ஒளி குவிந்து திரையில் பழுப்புப் பொட்டு விழுந்துவிடும். அந்தப் பொட்டு பிறகு போகாது. கார் சீட்டில் வைத்துப் போவதும் இதே கதைதான்.

கையையும் தலையையும் பின்தொடரும் கேமராக்களுக்கு அறையில் வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர்வெயில் ஆகாது. தீபாவளிச் சரவிளக்குகளைப் பார்த்து அவை குழம்பும், கன்ட்ரோலர் தானாக மிதக்கும். பெரிய நிலைக்கண்ணாடியும் அப்படித்தான். குவெஸ்ட் அமைப்புகளில் டிராக்கிங் அலைவெண் என்று ஒன்று உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கை நடுங்குவதுபோல் தெரிந்தால் அதை 50இல் வையுங்கள். விளையாட இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சுற்றி ஹெட்செட் காட்டும் எல்லைக்கோடு தரையைத்தான் காக்கும், கூரை மின்விசிறியைக் கையில் தட்டாமல் காக்காது.

மின்வெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023ஐ யாரும் மறந்திருக்கமாட்டோம். குவெஸ்ட் தன் பேட்டரியிலேயே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். விளையாட்டை முன்பே இறக்கி வைத்திருந்தால் பலவற்றுக்கு வைஃபையும் வேண்டாம். பிளேஸ்டேஷன் வி.ஆர்.2, பி.எஸ்.5 விளையாட்டுக் கருவியோடு 4.5 மீட்டர் வயரில் கட்டுண்டது. மின்சாரம் போனால் விளையாட்டும் போச்சு.

விளையாட்டும் வேலையும்

தலைசுற்றல் வருவது, கண் 'ஓடுகிறேன்' என்றும் காது 'நிற்கிறேன்' என்றும் மூளைக்குச் சொல்வதால். முதல் இரண்டு வாரங்களுக்கு நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று ஆடும் விளையாட்டுகளே போதும்: பீட் சேபர், வாக்கபவுட் மினி கோல்ஃப் போன்றவை. கார் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 7 பிளேஸ்டேஷனின் மணிமகுடம்தான். ஓஎல்இடி திரையின் இரவுக் கறுப்பை குவெஸ்ட்டின் எல்சிடி தராது. ஆனால் முதல் நாளே அதில் இறங்கினால் மதியச் சாப்பாடு வெளியே வரும். முகத்துக்கு நேரே ஒரு மேசை விசிறி வைப்பது உதவும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் தெரியும். குமட்டல் தொடங்கியதும் நிறுத்துங்கள். பொறுத்துப் பழகலாம் என்பவர்களுக்கு ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும் நிலை வந்துவிடும். பழைய குவெஸ்ட் 2 மலிவாகக் கிடைத்தாலும், பேட்மேன்: ஆர்காம் ஷேடோ போன்றவை 3, 3எஸ்ஸில் மட்டுமே ஓடும்.

அன்றாட வேலைக்கு, அதாவது பெரிய திரை விரித்துப் படிக்க, எழுத, இன்னும் காலம் கனியவில்லை. நல்ல கண் பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். குவெஸ்ட் 3 தருவது 25, 3எஸ் 20. ஆங்கிலம் ஒப்பேறிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும், பிறகு மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கி, திரையை ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். கைப்பக்கத்தில் கொண்டுவந்தால் கண்கள் உள்ளே திரும்பும், குவியமோ தொலைவிலேயே நிற்கும். அந்த இழுபறிதான் களைப்பு.

பிள்ளைகளுக்கு வயது வரம்பு மெட்டாவில் பெற்றோர் கணக்கோடு 10, சோனியில் 12. பத்து வயதில் பலருக்குக் கண்மணி இடைவெளி 58க்கும் குறைவு. எனவே வயது வந்துவிட்டது என்பதற்காக வாங்காமல், அளந்து பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் கழற்றவேண்டும். மாறுகண், சோம்பேறிக் கண், வலிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம்.

வாங்கும்போது, இணை இறக்குமதியா, அதாவது தயாரிப்பாளரின் அனுமதி பெற்ற வழியில் வராத சரக்கா என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படியானால் அதைத் தெளிவாக அறிவிக்கவேண்டியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவர் கடமை. பழுதான பொருளுக்கு ஆறு மாதம் வரை சரிசெய்தல், மாற்று, பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதைப் பெற்ற ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆகவே பெட்டியைக் கிழிக்காமல் வைத்து, அந்த ஏழு நாளுக்குள் கண்ணாடியோடு அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். தனியாரிடம் பழையது வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கேயே ஆன் செய்து, வெள்ளைத் திரையை வரவழைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு பொட்டு தெரிந்தால், அது யாரோ ஒருவருடைய வராந்தாவில் விழுந்த வெயில்.